சிக்காகோ அண்ணையும் ஐந்து மாதச் சக்கரவர்த்தியும்

அமெரிக்காவின் பழைய கள்ளக்கூட்டத் தலைவர்களைப் பற்றிச் சிக்காகோ அண்ணைக்குத் தெரிந்த அளவு அந்தத் தலைவர்களுக்கே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் வயது போய்க் கட்டிலில் கிடந்து செத்திருப்பார்கள். யார் யாரோடு சேர்ந்தான், யார் யாரைக் காட்டிக் கொடுத்தான், எவன் எந்தக் கடையில் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுடப்பட்டான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவ்வளவையும் அவர் டென்மார்க்கின் நடுவிலே, கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில், குழாய் செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்தபடி சொல்வார்.

சிக்காகோ என்ற பெயர் மட்டும் அவருக்குப் பிடிக்காது.

"நான் சொல்லுறது முழுக்க நியூயோர்க். சிக்காகோ வேறை பகுதி, வேறை ஆக்கள். அறிஞ்சு பேர் வையுங்கோ" என்பார்.

நியூயோர்க் அண்ணை என்று கூப்பிட யாருக்கும் வாய் வளையவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். இருபது வயதிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. இதை எழுதுவதற்காக அந்த வருஷக் கொப்பிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். நேரம், வெயில், மழை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் பொய் இருக்கிறது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

சிக்காகோ அண்ணை யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்தவர். நாற்பது வயதில் அகதியாக வந்தார். கொஞ்சம் கட்டையான ஆள். பழைய உடுப்புக் கடையில் எடுத்த சாம்பல் நிறத் தொப்பியை, கிரின்ஸ்டெட் காற்றுக்குப் பறக்காமலிருக்கச் சப்பாத்துக் கயிற்றால் நாடியோடு கட்டியிருப்பார். ஊர் நூல்நிலையத்தில் இரண்டே தட்டுத்தான் ஆங்கிலப் புத்தகங்கள். அதில் ஒன்று கள்ளக்கூட்டத் தலைவர்களின் வரலாறு. ஒரே புத்தகத்தை அவர் திரும்பத் திரும்ப எடுத்ததில், நூல்நிலையப் பெண் திகதி குத்துவதையே நிறுத்திவிட்டாள்.

இத்தாலிப் பெயர்கள் எங்களுக்கு நினைவில் நிற்காது என்பதால் அவரே பட்டப்பெயர் வைத்தார். நியூயோர்க்கில் மதுவிலக்குக் காலத்தில் இரண்டு பெரிய தலைகள். ஒருவர் மீசைக் கிழவன். மற்றவர் சக்கரவர்த்தி. இவர்கள் இருவருக்கும் கீழே, சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்த இளந்தாரிகள். அவர்களுக்கு அவர் பேர் வைக்கவில்லை. "அவங்கள் பேர் வாங்கப் போற ஆக்கள். அவசரப்படாதேங்கோ" என்பார்.

அவரை ஒரு வீட்டு விருந்துக்குக் கூப்பிடுவது வீட்டுக்காரிக்குப் பெரிய சோதனை. மீசைக் கிழவன் ஒரு சாப்பாட்டுக் கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டு, சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்த நம்பிக்கையான ஆள் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனானாம். அவன் திரும்பி வந்தபோது கிழவன் செத்துக் கிடந்தான். இதிலிருந்து சிக்காகோ அண்ணை ஒரு பாடம் படித்துக்கொண்டார். கூட இருந்து சாப்பிடுகிறவன் கை கழுவ எழும்பினால் தானும் உடனே எழும்பிவிட வேண்டும்.

தமிழர் விருந்தில் யாராவது ஒருவர் முதலில் கை கழுவ எழும்பித்தானே ஆக வேண்டும். எழும்பியதும் இவரும் பாதிச் சோற்றோடு எழும்பிவிடுவார்.

"ஏன் அண்ணை, கறி சரியில்லையோ?" என்று ஒரு வீட்டுக்காரி முகம் வாடிக் கேட்டாள்.

"கறி நல்லம் தங்கச்சி. உங்கடை மனிசன் கை கழுவப் போறார், அதுதான்."

"அவர் கை கழுவினா உங்களுக்கென்ன?"

"அது அவரைத்தான் கேக்க வேணும்."

டென்மார்க்கில் எந்த விருந்திலும் அவர் பாயாசம் வரை போய்ச் சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களை வரவழைக்க அவர் விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. எங்களில் பலருக்கும் அதே கதிதான். விண்ணப்பம் போகும், பதில் வராது. மனைவி கடிதத்தோடு, மகளின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவார், சப்பாத்து அளவுக்காக. இவர் வாங்கி அனுப்பிய சப்பாத்து போய்ச் சேரும்போது பாதம் அதைத் தாண்டி வளர்ந்திருக்கும். அந்தப் பாதத் தாள்களை அவர் கட்டிலுக்கு மேலே சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். கள்ளக்கூட்டக் கதை சொல்லாத நேரத்தில் அவர் செய்கிற ஒரே வேலை அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

இனி எங்கள் ஊர்த் தலைவர்களுக்கு வருகிறேன். கிரின்ஸ்டெட்டில் பஸ் குறைவு. கார் இல்லாதவன் கால் இல்லாதவன். அங்கே இருந்த தமிழரில் முதலில் வாகனம் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இலங்கையில் படிப்பித்தவர். ஒன்பது பேர் ஏறக்கூடிய ஒரு பழைய வான் வைத்திருந்தார். அவரை வான் மாஸ்டர் என்போம். மற்றவர் சிவப்புக் கார் வாங்கியதால் சிவப்பர். தொழிற்சாலைக்கு, பல் வைத்தியரிடம், வீடியோப் படக் கொப்பி எடுக்க, எதற்கும் இவர்களில் ஒருவரைப் பிடிக்க வேண்டும். மாஸ்டரின் வானில் ஏறியவன் சிவப்பரின் காரில் ஏறினால் அடுத்த கிழமை இரண்டிலும் அவனுக்கு இடமிருக்காது. முன் இருக்கையில் யாரை இருத்துவது என்பது பெரிய அரசியல். அதிலிருந்து பின் இருக்கைக்கு இறக்கப்பட்ட ஒருவர் இரண்டு மாதம் யாரோடும் கதைக்கவில்லை.

"அங்கை சாராயம். இங்கை லிஃப்ட். சாமான்தான் வேறை, சண்டை ஒண்டுதான்" என்றார் சிக்காகோ அண்ணை. அவர் மட்டும் இரண்டு பக்கமும் சேராமல் சைக்கிளில் போனார்.

ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு ஒன்றுகூடல். வாசலுக்கு நேரே ஒரு வாகனம்தான் நிற்கலாம். அந்த இடத்தைப் பிடிக்க மாஸ்டர் ஒரு மணிக்கு வந்தார். அடுத்த ஒன்றுகூடலுக்குச் சிவப்பர் பதினொரு மணிக்கே வந்தார். அதற்கடுத்த தடவை காலை ஏழரைக்கு மண்டபத்தைத் திறக்க வந்த டெனிஷ்காரக் காவலாளி, இரண்டு தமிழர்கள் இரண்டு வாகனங்களுக்குள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதைக் கண்டு, கார் பழுதோ என்று கேட்டு இருவருக்கும் கோப்பி கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த நேரத்தில்தான் நான் லைசென்ஸ் எடுத்து ஒரு ஸ்டேஷன் கார் வாங்கினேன். எனக்குத் தலைவனாகும் எண்ணம் இருக்கவில்லை என்று நான் நம்பினேன். ஒழுங்குதான் எனக்கு வேண்டியிருந்தது. தட்டச்சில் ஓர் அட்டவணை செய்து மண்டபத்துச் சுவரில் ஒட்டினேன். பெயர், நாள், நேரம், இடம், காரணம் என்று ஐந்து நிரல். கீழே ஐந்து விதிகள். குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாக நிற்க வேண்டும். காரில் கறிப் பார்சல் ஏற்றக் கூடாது. முன் இருக்கை டெனிஷ் அகரவரிசைப்படி. லிஃப்ட் வேண்டுமென்றால் மூன்று நாள் முன்னதாகப் பெயர் எழுத வேண்டும். காரில் அரசியல் கதைக்கக் கூடாது.

ஆட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் வரும்போதுதான் வருவார். சிவப்பர் கோபித்தால் வரவே மாட்டார். நான் ஆறு பத்து என்றால் ஆறு பத்து. இரண்டு மாதத்தில் வான் காலி. சிவப்புக் காரில் சிவப்பரின் மைத்துனர் மட்டும்.

அட்டவணையில் ஒரு நிரல்தான் தோற்றுப் போனது. காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'ஒரு அலுவல்' என்றே எழுதினார்கள். புறப்படுகிற ஆளிடம் எங்கே என்று கேட்பது எங்களுக்குள் இல்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. போகிறவரும் காரியம் முடியும்வரை வாய் திறக்க மாட்டார். பல் பிடுங்கப் போனவருக்கும் அலுவல், பெண் பார்க்கப் போனவருக்கும் அலுவல். மூன்று மாதத்தில் நாற்பத்தெட்டு அலுவல்கள் என்று என் கொப்பியில் இருக்கிறது.

தைப்பொங்கலன்று மண்டபத்தில் பொங்கிய புக்கையைச் சாப்பிட்டு முடிந்ததும் நான் எழுந்து நின்று அடுத்த மாத அட்டவணையை வாசித்தேன். வாசித்துவிட்டு உட்கார்ந்ததும், பின் வரிசையிலிருந்து சிக்காகோ அண்ணை தொண்டையைச் செருமினார்.

"சக்கரவர்த்தியும் இப்பிடித்தான். மீசைக் கிழவன் செத்த கையோடை பெரிய மண்டபம் ஒண்டு எடுத்து, எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, ஆர் எந்தக் குடும்பம், ஆருக்குக் கீழை ஆர் எண்டு ஒழுங்கு வாசிச்சவர். இனி எல்லாத் தலைவருக்கும் தலைவர் தான்தானாம்."

"பிறகு?" என்றார் வான் மாஸ்டர். மாதக் கணக்கில் வாய் திறக்காதவர் அன்றைக்குத்தான் திறந்தார்.

"பிறகென்ன. அஞ்சு மாசம். அவற்றை ஆக்களே அவரை முடிச்சாங்கள்."

சிரிப்பு எழுந்தது. சிவப்பர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மடை லிஸ்ட் ஒட்டி இப்ப எத்தினை மாசம்?"

"நாலு" என்றேன். எதையும் சரியாகச் சொல்லிப் பழகிய வாய்.

இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. சின்னப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். அன்றைய நாட்குறிப்பு: 'பொங்கல். புக்கை நன்று. நிகழ்ச்சி 4.10க்குத் தொடங்கியது. சி. அண்ணை தேவையில்லாத ஒரு கதை சொன்னார்.' தேவையில்லாத என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டையும் நான் ஒரு மாதத்துக்கு மேலாக மனதில் வைத்திருந்தேன். வெளியே காட்டவில்லை. அவரைக் கண்டால் வணக்கம் சொன்னேன்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை பின்னேரம் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, நாளைக்குக் காலமை ஒம்பது மணிக்குப் பட்டணத்தில ஒரு அலுவல். நான் பஸ்ஸைப் பாத்தனான், பத்து மணிக்குத்தான் போய்ச் சேருது."

"அண்ணை, மூண்டு நாளைக்கு முன்னம் பேர் எழுத வேணும்."

"எனக்கு இண்டைக்குத்தான் தெரிய வந்தது."

"நாலாம் விதி எல்லாருக்கும் பொதுதானே அண்ணை. ஒருத்தருக்கு விட்டா மற்ற ஆக்கள் என்ன சொல்லுவினம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம் தம்பி, ஒழுங்கு எண்டா ஒழுங்குதானே" என்று தொப்பியைப் போட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். குரலில் கோபம் இல்லை.

அன்றிரவு நான் எழுதியது: 'சி. அண்ணை நாளைக்கு லிஃப்ட் கேட்டார். விதி 4. காரணம் குறிப்பிடப்படவில்லை.'

இதுதான் அந்தப் பொய். அவர் வாயால் சொல்லவில்லை, உண்மை. நான் கேட்கவுமில்லை, கேட்கக் கூடாது என்பது வழக்கம். ஆனால் அவருடைய கோட்டுப் பையிலிருந்து ஒரு நீண்ட வெள்ளை உறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மூலையில் அரச முடிச் சின்னமும் பொலிஸ் என்ற சொல்லும். அந்த உறைக்காகத்தான் நாங்கள் எல்லோரும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தோம். குடும்பத்தைக் கூப்பிடுகிறவரைப் பொலிஸ் அழைத்து விசாரித்து எழுதிக்கொண்டால்தான் கோப்பு அசையும். எத்தனையோ மாதம் படுத்துக் கிடந்த கோப்பு அவருக்கு அசையத் தொடங்கியிருந்தது. எனக்கு அது அந்த நிமிடமே தெரியும். தெரிந்துகொண்டுதான் விதி சொன்னேன்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் ஒரு வாளி சுடுதண்ணீரோடு இறங்கி, பனி உருகப் போடும் றோட்டு உப்புப் படிந்திருந்த என் காரைக் கழுவத் தொடங்கினேன். ஏழே முக்கால் இருக்கும். தெருமுனையில் வான் மாஸ்டரின் வான் மெல்ல ஊர்ந்து வந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. மாஸ்டர் உள்ளே திருப்புச் சக்கரத்தைப் பிடித்திருந்தார். பின்னால் சிவப்பர் தள்ளிக்கொண்டு வந்தார். சிவப்புக் கார் வருடாந்தச் சோதனைக்குப் போயிருந்ததாம், பிறகு அறிந்தேன். சிவப்பருக்குப் பக்கத்தில், கோட்டுப் போட்டுக் கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு, சிக்காகோ அண்ணை தள்ளினார்.

ஒன்றரை வருஷமாக முகம் பார்க்காத இரண்டு தலைவர்களும் கத்திக் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கியரை விடுமன் மாஸ்டர்."

"விட்டுத்தான் கிடக்கு. நீர் கதையைக் குறைச்சுத் தள்ளும்."

"பற்றரியைச் சாக விட்டிட்டு எனக்குக் கதை சொல்லுறார்."

வான் என்னைக் கடந்து போனது. தூரம் பத்து மீற்றர் இருக்காது. என் கார் துடைத்து, பெற்றோல் நிரப்பி, தயாராக நின்றது. வாளியை வைத்துவிட்டு வாங்கோ அண்ணை என்று சொல்ல இரண்டு விநாடி போதும். சிக்காகோ அண்ணை என்னைக் கண்டார். ஒரு கையால் தள்ளியபடி மற்றக் கையால் தொப்பியைத் தொட்டு எனக்கு வணக்கம் வைத்தார். நானும் தலையை ஆட்டினேன். வான் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வாளித் தண்ணீர் ஆறிவிட்டது.

வான் பெற்றோல் கடைக்குப் பக்கத்தில்தான் உயிர் பெற்றதாம். அவர்கள் ஐம்பது நிமிடம் பிந்திப் போனார்கள். விசாரிக்கிற அதிகாரி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். புதிய திகதி கடிதத்தில் வரும் என்றார்கள். திகதி வந்து, விசாரித்து, கோப்பு மற்றவற்றின் பின்னால் வரிசையில் நின்று, எல்லாம் முடிய ஏழு மாதம் கூடுதலாகப் போனது. அதற்குள் சிக்காகோ அண்ணையின் சுவரில் இன்னொரு பாதம் ஏறியது. முந்தியதைவிட ஒரு விரற்கடை நீளம்.

வான் தள்ளிய நாளிலிருந்து மாஸ்டரும் சிவப்பரும் ஒன்று. ஒரு நாள் வான், ஒரு நாள் கார் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். யாருக்கு முதலிடம் என்று தகராறு வந்தால் சிக்காகோ அண்ணை தீர்ப்பார். சக்கரவர்த்திக்குப் பிறகு நியூயோர்க்கிலும் தலைவருக்குத் தலைவர் வேண்டாம், எல்லோரும் ஒரு மேசையில் இருந்து பேசுவோம் என்றுதான் முடித்தார்களாம். என்னிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. அட்டவணையில் பெயர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒட்டிய நாளையும் கடைசிப் பெயர் விழுந்த நாளையும் கொப்பியில் பார்த்தேன். ஐந்து மாதமும் ஆறு நாளும்.

அந்த ஏழு மாதத்துக்குள்தான் எங்கள் கோப்புகள் ஏன் அசையவில்லை என்ற கதை பத்திரிகைகளில் வந்தது. மேலிடத்தில், அமைச்சரின் மட்டத்தில், அவற்றைக் கிடப்பில் போடச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் அதற்காக ஓர் அரசாங்கமே பதவி விலகியது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் கொதித்தார்கள். நானும் கொதித்தேன், கொஞ்சம் சத்தம் குறைவாக.

"அண்ணை, உங்கடை கள்ளக்கூட்டத்தில இப்பிடி ஒருத்தன் இருந்தவனோ?" என்று ஒருவர் கேட்டார்.

சிக்காகோ அண்ணை கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டைக் கீழே வைத்தார். "அவங்கள் பிடிக்காட்டிச் சுட்டாங்கள். ஏலாது எண்டு சொல்லாமல், ஒழுங்கு இருக்கு, பொறுங்கோ எண்டு சொல்லுறது வேறை விதம். அது..." என்று தொடங்கியவர் மேசையின் மறுகரையில் என்னைக் கண்டார். "அதை விடுங்கோ. இண்டைக்கு என்ன சூப் போட்டிருக்கிறாங்கள்" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அவர் அந்த வசனத்தை முடித்திருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

புரட்டாசியில் அவர் மறுபடி என் கதவைத் தட்டினார்.

"தம்பி, வாற செவ்வாய் பில்லுண்ட் விமான நிலையத்துக்கு ஒருக்காப் போக வேணும்."

"மாஸ்டரைக் கேக்கேல்லையோ அண்ணை?"

"அவையள் ரெண்டு பேரும் ஆர் கொண்டு போறதெண்டு சண்டை. நான் தீர்ப்புச் சொன்னா ஒராள் மனம் நோவார். உம்மடை கார்தான் சும்மா நிக்குது."

போகும் வழியில் அவர் முன் இருக்கையில் இருந்தார். பத்துக் கிலோமீற்றர் போயிற்று. பிறகு, றோட்டைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு உங்கடை பையில இருந்த கடிதத்தை நான் கண்டனான்."

"ஓம், தெரியும்."

"தெரியுமோ?"

"வாயால சொல்லப்படாதெல்லே. அதுதான் நீர் காணட்டும் எண்டு வெளியில நீட்டி வைச்சனான்."

எனக்குக் கண் மறைத்தது. கார் ஒரு பக்கம் இழுத்தது.

"றோட்டைப் பாரும் தம்பி" என்றார். "இவ்வளவு தூரம் வந்திட்டுதுகள். இனி நாங்கள் போய்ச் சேர வேணும்."

இதை அவர் மாஸ்டரிடமோ சிவப்பரிடமோ ஒருநாளும் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. சொல்லியிருந்தால் கிரின்ஸ்டெட்டில் நான் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது.

விமான நிலையக் கதவு திறந்து ஒரு பெண்மணியும் ஏழு வயதுச் சிறுமியும் வந்தார்கள். தந்தையைப் பிரிந்தபோது அவளுக்கு மூன்று. நான் கொஞ்சம் உயரம், முன்னால் நின்றேன். சிறுமி என்னை ஏறிட்டுப் பார்த்துத் தாயிடம் கேட்டாள்.

"இவரோ அம்மா அப்பா?"

நான் இரண்டு அடி பின்னே போனேன். சிக்காகோ அண்ணை தொப்பியைக் கழற்றி அவள் உயரத்துக்குக் குந்தினார். "இல்லை குஞ்சு, நான்தான். அவர் டிரைவர் மாமா."

அந்தப் பதவி இன்றுவரை என்னிடம் இருக்கிறது. எனக்கு இப்போது நாற்பத்தாறு. குஞ்சு ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள். டெலிபோனில் டெனிஷில் கதைத்தாலும், மாமா என்று மட்டும் தமிழில் சொல்வாள். சிக்காகோ அண்ணை ஐந்து தரம் முயன்றும் லைசென்ஸ் எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் பட்டணத்துப் பெரிய நூல்நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். பத்து மணி என்றால் பத்தே முக்காலுக்கு இறங்குவார். கண்ணாடியை மறந்து ஒருமுறை திரும்பி ஏறுவார், கதவு பூட்டினேனா என்று இன்னொருமுறை.

இதையும் அவர் வீட்டு வாசலில் காரில் இருந்துதான் எழுதுகிறேன். மணி பத்து முப்பத்திரண்டு. இன்னும் காணவில்லை. ஆறுதலாய் வரட்டும்.